மூக்கைத் தூக்கும் முன்: லெவலிங் கிட் மாட்டுவதில் நடக்கும் தவறுகள்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்கினார். வாங்கிய மாதமே குறை ஆரம்பித்துவிட்டது. "பாருங்கண்ணா, பின்னாடி தூக்கிக்கிட்டு முன்னாடி குனிஞ்சு நிக்குது, எருமை தண்ணி குடிக்கிற மாதிரி" என்றார். சேலத்தில் ஒரு பட்டறையில் விட்டு, லெவலிங் கிட் (முன்பக்கத்தைப் பின்பக்கத்துக்கு மட்டமாக உயர்த்தும் சாமான்) மாட்டி முன்பக்கத்தை 2 இன்ச் தூக்கினார். நிறுத்திப் பார்த்தால் அழகுதான், நானே போட்டோ எடுத்துக் கொடுத்தேன். மார்கழியில் காப்பி மூட்டைகளை ஏற்றியதும் பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்த்தது. அன்றைக்கு இரவு ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது வெளிச்சம் ரோட்டில் விழவில்லை, சில்வர் ஓக் மரத்து உச்சியில் விழுந்தது.

என் பார்வையில் முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. காலி வண்டி குனிந்து நிற்பது கம்பெனி செய்த பிழை இல்லை. பின்னால் சுமை ஏறும், அப்போது மட்டமாக நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பின்பக்கத்தை உயர்த்தி விடுகிறார்கள். அதனால் கிட்டு வாங்குவதற்கு முன்னால், வழக்கமாக ஏற்றுகிற சுமையை ஏற்றி, டேங்க்கை நிரப்பி, சமதளத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள். அளவைத் தரையிலிருந்து எடுக்கக் கூடாது. சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை எடுக்க வேண்டும், அப்போதுதான் டயர் காற்றின் கூடுதல் குறைச்சல் கணக்கில் வராது. சுமையோடு மட்டமாக நின்றால் அந்த வண்டிக்கு லெவலிங் தேவையே இல்லை. வாரம் முழுக்கக் காலியாகச் சேலம் ஐந்து ரோட்டுக்கும் ஆபீசுக்கும் போய்வருகிற வண்டி என்றால் அது வேறு கதை.

ஓடித் தேய்ந்த வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. முன்பக்கம் இறங்கியிருப்பதற்குக் காரணம் அமுங்கிப்போன காயில் ஸ்பிரிங்காக இருக்கலாம். அதன் தலையில் ஸ்பேசரை (கிட்டில் வரும், உயரம் கூட்டும் தகடு) வைப்பது, உளுத்த கட்டிலுக்கு அடியில் செங்கல் வைப்பது போலத்தான். இடப்பக்க, வலப்பக்க அளவுகள் நன்றாக வித்தியாசப்பட்டால் முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

அடுத்தது தடிமன். ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த கூட்டு, லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரமோ ஆர்மின் நுனியில் இருக்கிறது. அதனால் மேலே 1 இன்ச் தகடு வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 2 இன்ச் உயரும் (வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்). இது தெரியாமல் "ரெண்டு இன்ச் வேணும், ரெண்டு இன்ச் ஸ்பேசர் குடுங்க" என்று கடையில் கேட்பவர்கள் உண்டு. அப்படி மாட்டினால், ஆர்மின் நுனியில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட்டின் கோணம் எல்லை தாண்டிவிடும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் ஆக்சிலும் சரிவாக நிற்கும், ரப்பர் பூட் மடிப்போடு மடிப்பு உரசிக் கிழியும், உள்ளே இருக்கும் கிரீஸ் ரிம்மில் தெறிக்கும். ஜிம்னி மாதிரி முன்னாலும் ஒரே நீள அச்சு உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் தூக்கினால் அச்சே ஒரு பக்கமாக நகரும், அதற்குக் குறுக்கு ராடையும் சரிசெய்ய வேண்டும்.

மாட்டும் வேலையில் உயிர் போகக் கூடிய இடம் ஒன்று உண்டு. ஷாக்கின் உச்சியில் நடுவில் இருக்கும் பெரிய நட்டு. அமுங்கிய ஸ்பிரிங்கை அந்த நட்டுதான் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசரை மாட்டாமல் அதைத் திறந்தால் ஸ்பிரிங் குண்டு மாதிரி பாயும். மேலே வைக்கும் ஸ்பேசருக்கு அந்த நட்டைத் தொடவே வேண்டாம், சுற்றியிருக்கும் சின்ன நட்டுகளைக் கழற்றினால் போதும். வண்டியை வெறும் ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்கக் கூடாது என்பதை இன்னும் சொல்ல வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

ஆர்மை இறக்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடும், கிளிப்பைக் கழற்றி விட்டுவிட்டு இறக்குங்கள். லிங்க் ராடை (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியோடு சேர்க்கும் சின்ன ராடு) ஒரு பக்கம் மட்டும் கழற்றிவிட்டு மல்லுக்கட்டாதீர்கள். இரண்டு பக்கமும் கழற்றினால் சுலபமாக இறங்கும்.

நல்ல மெக்கானிக்கே சறுக்கும் இடம் புஷ். லோயர் ஆர்மின் உள் முனையில் இரும்புக் குழாயோடு ஒட்டிய ரப்பர் இருக்கும். போல்ட்டை முறுக்கியதும் அந்தக் குழாய் பிராக்கெட்டில் இறுகிக்கொள்ளும், அதற்குப் பிறகு ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். கொஞ்ச நாள் கூடுதல் உயரம் தெரியும், எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ரப்பர் கிழிந்து, "கீச் கீச்" என்று சத்தம் வரும், வைத்த உயரமும் இறங்கும். தொங்கும்போது போல்ட்டைக் கையால் மட்டும் போட்டு, நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகு, வண்டியை இரண்டு தடவை அமுக்கி விட்டு, டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) முறுக்க வேண்டும். தரையில் படுத்து முறுக்குவது சிரமம்தான். அதனால்தான் பலர் செய்வதில்லை.

வீல் அலைன்மெண்ட்டுக்கு "அடுத்த வாரம் வர்றேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். முன்பக்கம் உயர்ந்தால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பி நிற்பது), கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்பது), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்னே, பின்னே சாய்ந்திருப்பது) மூன்றுமே மாறும். டோ தப்பினால் டயர் தேயும், அது கண்ணுக்குத் தெரியும். காஸ்டர் குறைந்தால் ரோட்டில்தான் தெரியும். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் முழுதாக ஒடித்துவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர வேண்டும். காஸ்டர் குறைந்த வண்டியில் அது சோம்பலாக நிற்கும், கையால் இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். சுமையோடு மூக்கு தூக்கியிருந்தால் முன் சக்கரத்துக்குப் பிடிப்பும் குறையும். அலைன்மெண்ட் மிஷினில் காஸ்டர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். டோவை மட்டும் சரிசெய்து அனுப்புவது வழக்கம். மேல் ஆர்மில் சரிசெய்ய இடமே மிச்சம் இல்லை என்றால் வேறு ஆர்ம் போடணும், இல்லையென்றால் உயரத்தைக் குறைக்கணும்.

ஹெட்லைட்டுக்குச் செலவே இல்லை. வேலை தொடங்குவதற்கு முன்பே சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, வெளிச்சம் முடியும் கோட்டில் டேப் ஒட்டிவிடுங்கள். முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்தி, விளக்கின் திருகைத் திருப்பி, விளக்கு எவ்வளவு உயர்ந்ததோ அந்த அளவு மட்டும் டேப்புக்கு மேலே வருமாறு வெளிச்சக் கோட்டை வைத்தால் போதும். மலையில் எதிரே வரும் பஸ் டிரைவரின் கண்ணைக் கூச வைக்க வேண்டாம்.

என் நண்பருக்கு அடுத்து வந்த யோசனை, "பின்னாடியும் ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் கட்டை வெச்சுத் தூக்கிரலாமே" என்பது. சில பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே சுமையைப் பார்த்துப் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் வால்வு இருக்கிறது. பின்பக்கம் உயர்ந்தால் அது "வண்டி காலி" என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மூட்டையோடு மலை இறங்கும் வண்டிக்கு இது வேண்டாத வேலை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதியாகச் சொன்னது. வாரண்டி, இன்சூரன்ஸ் கிளெய்ம் இரண்டிலும் இது வந்து நிற்கலாம். ஸ்பேசரை வாங்குவதற்கு முன்னால் ஆர்டிஓ ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நண்பர் கடைசியில் ஸ்பேசரைக் கழற்றிவிட்டார். அது இப்போது அவர் தோட்டத்து ஷெட்டில், மிளகுச் சாக்குகள் பறக்காமல் இருக்கப் பாரமாக உட்கார்ந்திருக்கிறது.