சொன்ன உயரத்துக்குக் குதிக்கும் கேரக்டர்: முதல் பிளாட்பார்மர் கேமுக்கான செய்முறை

ஓடிக் குதிக்கும் 2டி கேம் செய்ய உட்காருபவர்கள் பலரும் முதலில் படத்தையும் அனிமேஷனையும் அழகாக்கப் பார்க்கிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். வெறும் சதுரம் ஒன்று போதும். அதை நகர்த்தும்போதே விரலுக்கு இதமாக இருக்க வேண்டும். கீழே உள்ள கணக்கை எந்த கேம் எஞ்சினிலும் எழுதலாம். திரையில் கீழே போகப் போக எண் கூடும் என்று வைத்துக்கொள்கிறேன். யூனிட்டி என்ற எஞ்சினில் அது தலைகீழ், அங்கே கூட்டல் கழித்தல் குறிகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: நேரத்தால் பெருக்குங்கள்

ஃபிரேம் என்பது திரையில் ஒருமுறை வரையப்படும் படம். ஃபிரேமுக்கு 4 பிக்சல் நகர்த்து என்று எழுதினால், நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் திரையில் கேரக்டர் நொடிக்கு 240 பிக்சல் போகும். 144 ஃபிரேம் ஓடும் திரையில் 576. அதனால் வேகத்தை எப்போதும் நொடிக் கணக்கில் வைத்து, போன ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்குங்கள். இந்த நேரம்தான் டெல்டா டைம்.

படி 2: ஓட்டம்

கீயை அழுத்தியதும் முழு வேகம், விட்டதும் பூஜ்ஜியம் என்றால் கேரக்டர் வெட்டி வெட்டி நகரும். வேகம் படிப்படியாக ஏறட்டும்.

திசை: வலதுபக்கம் 1, இடதுபக்கம் −1, கீயை விட்டால் 0
இலக்கு = திசை × 240
அடி = 1600 × டெல்டா
கிடைவேகம் இலக்கை நோக்கி ஓர் அடி நகரட்டும்

இதில் முழு வேகம் வர 0.15 நொடி ஆகும். நிற்கும்போதும் எதிர்ப்பக்கம் திரும்பும்போதும் 1600க்குப் பதில் 2400 போடுங்கள், திருப்பம் சுறுசுறுப்பாக இருக்கும். மீதி இடைவெளி ஓர் அடியைவிடக் குறைவு என்றால் கிடைவேகத்தை நேராக இலக்குக்கே சமமாக்கிவிடுங்கள். இல்லையென்றால் நின்ற இடத்திலேயே கேரக்டர் நடுங்கிக்கொண்டிருக்கும்.

படி 3: குதிப்பு

ஈர்ப்புக்கு ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்து, பிடிக்காமல் மாற்றி, மறுபடி மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியவை இரண்டுதான்: எவ்வளவு உயரம், உச்சிக்குப் போக எவ்வளவு நேரம். மற்றதைக் கணக்கே சொல்லிவிடும்.

ஈர்ப்பு = 2 × உயரம் ÷ (நேரம் × நேரம்)
குதிவேகம் = 2 × உயரம் ÷ நேரம்

உயரம் 120 பிக்சல், நேரம் 0.4 நொடி என்றால் ஈர்ப்பு 1500, குதிவேகம் 600. மேலே போவதால் செங்குத்துவேகத்தில் −600 என்று வைக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஈர்ப்பை முதலில் கூட்டி, அந்தப் புது வேகத்தால் நகர்த்தினால், 60 ஃபிரேமில் கேரக்டர் 115 பிக்சல்தான் எழும். வரிசையை மாற்றினால் 125. பழைய வேகம், புது வேகம் இரண்டின் சராசரியால் நகர்த்தினால் சரியாக 120 வரும்.

பழையது = செங்குத்துவேகம்
செங்குத்துவேகம் = பழையது + ஈர்ப்பு × டெல்டா
இடம் = இடம் + (பழையது + செங்குத்துவேகம்) ÷ 2 × டெல்டா

தலை கூரையில் இடித்தால் செங்குத்துவேகத்தைப் பூஜ்ஜியமாக்குங்கள். மறந்தால் கேரக்டர் கூரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

படி 4: இறங்குவது

ஏறும் அதே வேகத்தில் இறங்கினால் கேரக்டர் பலூன் மாதிரி மிதக்கும். செங்குத்துவேகம் கூட்டல் பக்கம் வந்ததும் ஈர்ப்பை 1.6ஆல் பெருக்குங்கள். விழும் வேகத்துக்கு 900 என்று உச்சவரம்பு வையுங்கள். அப்போது 60 ஃபிரேமில் ஒரு தடவைக்கு 15 பிக்சல்தான் விழும், 16 பிக்சல் தடிமனுள்ள தரையைத் தாண்டிப் போகாது.

ஏறும்போதே பட்டனை விட்டால் செங்குத்துவேகத்தைப் பாதியாக்குங்கள். லேசாகத் தட்டினால் சின்னக் குதிப்பு, அழுத்திப் பிடித்தால் பெரிய குதிப்பு. இரண்டே வரி கோட், ஆனால் விளையாடுபவர் கைக்கு முழுக் கட்டுப்பாடும் வந்துவிடும்.

படி 5: விளையாடுபவருக்குச் சலுகை

என்னைக் கேட்டால் மிக முக்கியமான படி இதுதான். விளிம்பில் குதிப்பவர் பெரும்பாலும் ஒரு கணம் தாமதமாகத்தான் பட்டனை அழுத்துவார். "அழுத்தினேன், குதிக்கவே இல்லையே" என்று அவர் சொன்னால் அதை நியாயமான புகாராகவே எடுத்துக்கொள்ளுங்கள். தரையை விட்ட பிறகும் 0.1 நொடிவரை குதிக்க விடுங்கள். இதைக் கயோட்டி டைம் என்பார்கள். அதேபோல் தரையைத் தொடுவதற்கு 0.1 நொடி முன்னால் அழுத்தினாலும் அதை நினைவில் வைத்து, கால் பட்டதும் குதிக்க வையுங்கள். இது ஜம்ப் பஃபர்.

தரையில் இருந்தால்: தரைநேரம் = 0.1, இல்லையென்றால் டெல்டாவைக் கழி
பட்டனை அழுத்திய கணத்தில்: பட்டன்நேரம் = 0.1, மற்ற நேரத்தில் டெல்டாவைக் கழி
இரண்டும் பூஜ்ஜியத்துக்கு மேல் என்றால்: குதி, இரண்டையும் பூஜ்ஜியமாக்கு

கடைசி வரியில் தரைநேரத்தைப் பூஜ்ஜியமாக்காமல் விட்டால், வேகமாக இரண்டு தட்டு தட்டியதும் காற்றிலேயே மறுபடி குதித்துவிடும்.

எல்லாம் எழுதியதும் ஃபிரேம் வேகத்தை 30, 60, 144 என்று மாற்றி, பட்டனைப் பிடித்தபடியே குதித்துப் பாருங்கள். மூன்றிலும் உச்சி கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வர வேண்டும். தெளிவாக வித்தியாசம் தெரிந்தால் எங்கோ ஒரு வரியில் டெல்டா விட்டுப்போயிருக்கிறது. படி 3இன் மூன்று வரிகளில் இருந்து தேட ஆரம்பியுங்கள்.