'டியூன்' இரு பாகங்களையும் ஒரே நாளில் பார்ப்பதற்கான வழிமுறை

பிராங்க் ஹெர்பர்ட்டின் 1965ஆம் ஆண்டு அறிவியல் புனைகதை நாவலான 'டியூன்'-ஐ டெனி வில்நெவ் 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாகப் படமாக்கினார். இரண்டும் சேர்ந்து ஐந்தேகால் மணி நேரத்தைத் தாண்டுவதால், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வீட்டுக்கு நண்பர்களை அழைப்போர் பிற்பகல் இரண்டு மணிக்கே தொடங்கி, இடைவேளையில் தேநீரும் பலகாரமும் வைத்துக்கொள்வது நல்லது. புதியவர்களுக்கு அட்ரெய்டிஸ், ஹார்க்கோனன் குடும்பங்களின் பகையையும், அராக்கிஸ் கோளில் மட்டுமே கிடைக்கும் ஸ்பைஸ் என்ற அரும்பொருளையும் முன்கூட்டியே விளக்குங்கள். கதாநாயகன் பால் அட்ரெய்டிஸ் யாராக மாறுகிறான் என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்லிவிடாதீர்கள். ஹான்ஸ் ஸிம்மரின் இசைதான் அந்தப் பாலைவனத்துக்கு உயிர் என்பதால், தொலைக்காட்சியின் சொந்த ஒலியை நம்பாமல் தனி ஒலிபெருக்கியை இணையுங்கள். அடுக்குமாடி வீடானால், அண்டை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.