சிடி44 பாசிட்டிவ் என்றால் ஸ்டெம் செல்லா? புராஸ்டேட் புற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சிடி44 பாசிட்டிவ் வந்துருச்சு சார், அப்போ இது ஸ்டெம் செல்தானே?" புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் இப்படித்தான் கேட்கிறார்கள். அவசரம் வேண்டாம். சிடி44 என்பது செல்லின் மேல்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். கட்டியை வளர்க்கும் புற்று ஸ்டெம் செல்களைத் தேட அதை ஓர் அடையாளமாக, அதாவது மார்க்கராக, வைத்துக்கொள்கிறோம். நோயில்லாத புராஸ்டேட் சுரப்பியின் அடித்தளச் செல்களிலும் சிடி44 உண்டு, வெள்ளை அணுக்களிலும் உண்டு. நோயாளியின் திசு என்றால் சிடி45 என்ற மார்க்கர் உள்ள ரத்த அணுக்களை முதலில் கழித்துவிடுங்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் பிசி-3 என்ற புராஸ்டேட் புற்றுச் செல்வரிசையிலோ பெரும்பாலான செல்கள் சிடி44 பாசிட்டிவ்தான். அங்கே அந்த ஒரு மார்க்கரை வைத்து எதைப் பிரிக்கப் போகிறீர்கள்?

2005இல் யார்க் பல்கலைக்கழகக் குழு நோயாளிகளின் கட்டிகளில் மூன்று மேல்பரப்புப் புரதங்களை அடையாளமாகச் சேர்த்துப் பார்த்தது: சிடி44, மிகுதியான ஆல்பா2பீட்டா1 இன்டெக்ரின், சிடி133. மூன்றும் உள்ளவை சுமார் 0.1 சதவீதம்தான். செல்களை ஒவ்வொன்றாக அளந்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் 10,000 செல்களை ஓட்டினால் பத்துதான் தேறும். பத்தை வைத்து கிராஃப் போடுவது வீண். லட்சக்கணக்கில் ஓட்ட வேண்டும்.

இவ்வளவு அரிதான செல்களைத் தேடும்போது செத்த செல்தான் பெரிய எதிரி. மார்க்கரைக் கண்டுபிடிக்க எந்த ஆன்டிபாடி போட்டாலும் அது செத்த செல்லில் ஒட்டிக்கொண்டு பாசிட்டிவ் மாதிரி காட்டும். மதுரை கோரிப்பாளையத்தில் எடுத்த திசு, சித்திரை வெயிலில் காளவாசல் நெரிசலைத் தாண்டி பல்கலை நகர் வந்து சேர்வதற்குள் என்ன ஆகும் என்று யோசியுங்கள். செல் வளர்ப்புத் திரவமான மீடியத்தில் போட்டு, ஐஸ் நேரடியாகப் படாமல் குளிரில் கொண்டுவாருங்கள். வந்ததும் டாபி மாதிரி செத்த செல்லில் ஏறும் ஒரு சாயம் சேர்த்து, செத்ததை ஒதுக்கிவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

செல்களைப் பிரிக்க டிரிப்சின் என்ற நொதியை அதிக நேரம் விட்டால் மேல்பரப்புப் புரதங்களையும் அது வெட்டிவிடும். அப்புறம் சிடி44 காணோம் என்று தேடுவதில் பயனில்லை. செல்களைப் பிரிக்கும் இன்னொரு நொதிக் கலவையான அக்யூடேஸ் கொஞ்சம் சாது.

சிடி133 இன்னொரு வம்பு. பலரும் பயன்படுத்தும் ஏசி133 ஆன்டிபாடி, சர்க்கரை ஏறிய வடிவத்தோடு தொடர்புடைய பகுதியைத்தான் பிடிக்கும். புரதம் இருந்தும் நெகட்டிவ் வரலாம். ஆர்என்ஏ அளவோடு பொருந்தவில்லை என்று குழம்ப வேண்டாம்.

ஒரு செல் தனியாகப் பெருகி உருண்டையாகிறதா என்று பார்க்கும் கோள வளர்ப்பிலும் கவனம் தேவை. நெருக்கமாக விதைத்தால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியே உருண்டையாகிவிடும். ஒரு செல்லில் இருந்து வளர்ந்தது என்று சொல்ல முடியாது.

நோயெதிர்ப்பு இல்லாத எலியில் செல் எண்ணிக்கையைக் குறைத்துக் குறைத்துச் செலுத்தி, வந்த கட்டியை மறுபடி வேறு எலிக்கு மாற்றிப் பார்ப்பதுதான் ஸ்டெம் செல்லா என்று அறிய வலுவான சோதனை. அந்த வசதி இல்லையா? சரி, ஆய்வேட்டில் "சிடி44 உள்ள செல்கள்" என்று மட்டும் எழுதுங்கள்.