நான்கு ஸ்வரம், 40 விநாடி: மார்க் மதர்ஸ்பா வழியில் ஒரு காட்சிக்கு இசை அமைப்போம்

காட்சிக்குப் பின்னணி இசை போட ஆசை இருந்தும், 'நமக்கு அந்த அளவுக்கு இசை தெரியாதே' என்று தள்ளிப்போடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு செல்பேசி, ஒரு கணினி, வீட்டில் கிடக்கும் குட்டி கீபோர்டு, வெற்று அஞ்சலட்டை அளவில் ஒரு தாள், ஒரு பேனா. இவ்வளவு போதும். 40 விநாடி ஓடும் ஒரு காட்சியை எடுத்து, அதற்கு இசை அமைத்து முடிப்போம். வழிகாட்டியாக நான் எடுத்துக்கொண்டிருப்பவர் மார்க் மதர்ஸ்பா.

நியூ வேவ் இசை கேட்பவர்களுக்கு அவரை டீவோ குழுவின் பாடகராகத் தெரியும். 1950-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் நகரில் பிறந்தவர். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கலை படித்தபோது ஜெரால்ட் கசாலியோடு நட்பானார். 1970 மே 4 அன்று அந்த வளாகத்தில் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவல் படை சுட்டதில் 4 மாணவர்கள் இறந்தார்கள். மனித இனம் வளரவில்லை, பின்னோக்கிப் போகிறது என்ற எண்ணம் நண்பர்களிடம் அழுத்தமாகப் பதிந்தது. அந்த எண்ணத்துக்கு வைத்த 'டீ-எவல்யூஷன்' என்ற பெயரைச் சுருக்கியே 1973-ல் டீவோ தொடங்கியது. 1978-ல் பிரையன் ஈனோ தயாரிப்பில் முதல் ஆல்பம், 1980-ல் 'விப் இட்' பாட்டின் வெற்றி, அந்தச் சிவப்பு அடுக்குத் தொப்பி எல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான்.

நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. 1986-ல் பால் ரூபன்ஸ் நடித்த 'பீ-வீஸ் ப்ளேஹவுஸ்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சிக்கு மதர்ஸ்பா இசையமைக்கத் தொடங்கினார். அந்த வேலை எப்படி நடந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திங்களன்று வீடியோ நாடா வரும். செவ்வாயன்று இசை எழுதுவார், புதனன்று பதிவு செய்வார், வியாழனன்று அனுப்பிவிடுவார். சனிக்கிழமை நிகழ்ச்சி ஒளிபரப்பாகும். இசைக்குழுவில் பத்துப் பன்னிரண்டு பாட்டு எழுதி, ஒத்திகை பார்த்து, பதிவு செய்து, ஊர் ஊராக வாசித்து முடிக்க ஒரு வருடம் போய்விடும். இங்கே ஒரு வாரத்தில் அதே அளவு இசை! அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. தொடக்கநிலையாளர்கள் அவரிடம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த வேகத்தைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். சின்னதாகச் செய்து, முடித்து, அடுத்ததற்குப் போவது. அதனால் இந்தப் பயிற்சியையும் இரண்டு மாலைகளுக்குள் முடித்துவிடுங்கள்.

படி 1: சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்

செல்பேசியில் ஒரே ஷாட்டாக 40 விநாடி எடுங்கள். ஏதாவது ஒன்று நடக்க வேண்டும், ஒரு இடத்தில் சட்டென்று மாற வேண்டும். நான் இங்கே ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: ஒரு குழந்தை பிளாஸ்டிக் டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. 13-வது விநாடியில் அடுக்கு சரிகிறது. குழந்தை சற்று நேரம் அசையாமல் பார்த்துவிட்டு, திரும்ப அடுக்க ஆரம்பிக்கிறது.

இப்போது சத்தம் இல்லாமல் மூன்று நான்கு தடவை ஓட்டிப் பாருங்கள். இசை எங்கே தொடங்க வேண்டும், எங்கே மாற வேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று விநாடிக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். மூன்று குறிப்புக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு அசைவுக்கும் இசை துள்ளினால் பார்ப்பவருக்கு எரிச்சல்தான் வரும்.

படி 2: ஒரு அட்டை வரையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மதர்ஸ்பாவுக்குச் சிறு வயதில் பார்வை மிக மோசம். இரண்டாம் வகுப்புப் படிக்கும்போதுதான் கண்ணாடி கிடைத்தது. அதுவரை மங்கலான வண்ணமாக இருந்த உலகத்தில் மரமும் மேகமும் முதல் முறையாகத் தெரிந்தன. வரைய ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. டீவோ காலத்திலிருந்து அஞ்சலட்டை அளவில் நாள்தோறும் வரைவது அவர் பழக்கம். மனத்தில் ஓடும் வரிகள், கோணல் முகங்கள், பாதி யோசனைகள் எல்லாம் அந்த அட்டைகளில் இருக்கும். 2014-ல் டென்வர் சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் 'மயோபியா' என்ற பெயரில் அவருடைய படைப்புகளின் பெரிய கண்காட்சி நடந்தபோது சுமார் 30,000 அட்டைகள் ஆல்பங்களில் அடுக்கி வைக்கப்பட்டன. மயோபியா என்றால் கிட்டப்பார்வை. தன் கண்ணின் குறையையே கண்காட்சிக்குப் பெயராக வைத்த மனிதர் அவர்.

சரி, நம் அட்டைக்கு வருவோம். 10-க்கு 15 சென்டிமீட்டர் போதும். காட்சியை அப்படியே நகல் எடுக்காதீர்கள். அந்தக் குழந்தைக்கு அந்த நிமிடத்தில் டம்ளர் அடுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று வரையுங்கள். வானத்தைத் தொடும் கோபுரமாக இருக்கலாம், தூங்கும் ஒரு மிருகமாக இருக்கலாம். கீழே ஒரே வரி எழுதுங்கள். 'பெரிய வேலை நடக்கிறது, யாரும் குறுக்கே வராதீர்கள்' என்பது போல. அட்டையை மேசையில் கண்ணெதிரே வையுங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் அதையே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வரி எழுதியாயிற்று என்றால் 'குழந்தை, அதனால் குழந்தைத்தனமான இசை' என்ற தவறான பாதையில் போகமாட்டீர்கள். 1991-ல் தொடங்கிய 'ரக்ராட்ஸ்' கார்ட்டூனுக்கு அவர் போட்ட இசையைக் கேட்டால் புரியும். குழந்தைகள் அவரவர் வேலையை எவ்வளவு தீவிரமாகச் செய்கிறார்களோ, இசையும் அதே தீவிரத்தோடு கூடவே போகும்.

படி 3: வேகத்தைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்

பலர் முதலில் மெட்டுப் போட்டுவிட்டு அப்புறம் காட்சியோடு பொருத்தப் பார்ப்பார்கள். பொருந்தாது. வேகத்தை முதலில் நிர்ணயித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நிமிடத்துக்கு 120 அடி (பீட், அதாவது ஒரு தாளத் தட்டு) என்று வைத்தால் ஒரு அடிக்கு அரை விநாடி. 13 விநாடி என்பது 26 அடி. நான்கு நான்காகப் பிரித்தால் 6 சுற்று முடிந்து 2 அடி மிச்சம். அதாவது டம்ளர் சரிவது ஒரு சுற்றின் நடுவில் விழுகிறது. நமக்கு அது ஏழாவது சுற்றின் முதல் அடியில் விழ வேண்டும். அப்போதுதான் அழுத்தம் கிடைக்கும்.

ஆகவே தலைகீழாகக் கணக்குப் போடுங்கள். 6 சுற்று என்றால் 24 அடி. அந்த 24 அடியும் 13 விநாடியில் முடிய வேண்டும். 24-ஐ 60-ஆல் பெருக்கி 13-ஆல் வகுத்தால் 110.77. அதை 111 என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வேகத்தில் 24 அடி 12.97 விநாடியில் முடியும். 0.03 விநாடி வித்தியாசம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அது ஒரு ஃபிரேமை விடக் குறைவு. கண்ணும் காதும் கண்டுபிடிக்காது.

உங்கள் காட்சியில் மாற்றம் வரும் விநாடியை 13-க்குப் பதிலாகப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். வரும் வேகம் 80-க்கும் 130-க்கும் நடுவில் இல்லை என்றால், 24 அடிக்குப் பதிலாக 16 அல்லது 32 அடி வைத்துப் பாருங்கள்.

மென்பொருள்: வீடியோவையும் ஒலித் தடங்களையும் ஒன்றாக ஓட்டும் எதுவும் சரிதான். ரீப்பரை 60 நாள் கட்டணம் இல்லாமல் முயன்று பார்க்கலாம். மேக் வைத்திருப்பவர்களுக்குக் கராஜ்பேண்ட் இருக்கிறது. டாவின்ச்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் ஒலி வேலைக்கு ஃபேர்லைட் என்றொரு பக்கம் உண்டு. 1979-ல் சிட்னியில் உருவான ஃபேர்லைட் சிஎம்ஐ என்ற சாம்ப்ளரை, அதாவது எந்தச் சத்தத்தையும் பதிவு செய்து கீபோர்டில் வாசிக்க உதவும் கருவியை, மதர்ஸ்பா டீவோவிலும் பிறகு தொலைக்காட்சி வேலையிலும் நிறையப் பயன்படுத்தினார். அந்த நிறுவனத்தின் பெயர்தான் இன்று இந்த இலவச மென்பொருளுக்குள் இருக்கிறது. அன்று ஒரு வீட்டின் விலைக்கு விற்ற வசதி நம் மேசைக்கு வந்துவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

படி 4: நான்கு ஸ்வரத்தில் ஒரு சொற்றொடர்

பாட்டு எழுத வேண்டாம். ஒரு சின்னச் சொற்றொடர் போதும். கீபோர்டில் சி, ஈ, ஜி வாசியுங்கள் (இரண்டு கருப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்துக்கு இடப்பக்க வெள்ளைக் கட்டை சி, அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளில் ஒன்று விட்டு ஒன்று ஈ, ஜி). நான்காவதாக ஈ-க்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் கருப்புக் கட்டையை அழுத்துங்கள். நம் வழக்கில் சொன்னால் ஸ, அந்தர காந்தாரம், ப, சாதாரண காந்தாரம். முதல் மூன்றும் தெளிவாக, நிம்மதியாகப் போகும். நான்காவது லேசாகச் சறுக்கும். அந்தச் சறுக்கல்தான் 'இந்த அடுக்கு நிற்குமா?' என்ற கேள்வியைக் கேட்கிறது.

அடிக்கு ஒரு ஸ்வரம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு ஒரு சொற்றொடர். முதல் இரண்டு சுற்று அப்படியே. அடுத்த இரண்டில் ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) மேலே கொண்டுபோங்கள். ஐந்தாவது சுற்றில் நான்காவது ஸ்வரத்தை வாசிக்காமல் விடுங்கள். ஆறாவதில் முதல் ஸ்வரத்தை மட்டும் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். 13-வது விநாடியில் டம்ளர் சரியும்போது... ஒன்றும் வேண்டாம். டம்ளர் விழும் சத்தமே போதும். இசை அங்கே முழுவதும் நிற்கட்டும். முதலில் செய்பவர்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் தாளத்தை ஓங்கி அடிக்கத் துடிப்பார்கள். நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒரே சின்ன யோசனையை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று கேட்க விரும்பினால், வெஸ் ஆண்டர்சன் இயக்கிய 'தி லைஃப் அக்வாடிக் வித் ஸ்டீவ் ஜிஸோ' படத்தின் இசையைத் தேடிக் கேளுங்கள். 1996 முதல் 2004 வரை ஆண்டர்சனின் முதல் நான்கு படங்களுக்கும் மதர்ஸ்பாதான் இசை. இது அந்த வரிசையில் கடைசி. கதையில் வரும் கடலாய்வுக் குழு தன் பயணங்களைப் படமாக எடுக்கும். அந்தப் படங்களுக்கு இசை போடுபவரும் குழுவில் ஒருவர். அதனால் சில மெட்டுகள் மலிவான எலக்ட்ரானிக் கீபோர்டில் யாரோ தட்டியது போலத் தொடங்கும். படம் போகப் போக அதே மாதிரி இசைக்குள் பெரிய ஆர்கெஸ்ட்ரா வந்து சேரும். மதர்ஸ்பாவின் திரையிசையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு தெரியவில்லை.

படி 5: காட்சியில் இருக்கும் பொருளையே கருவியாக்குங்கள்

கீபோர்டு ஒன்றுக்குத் துணையாக இரண்டு சத்தம் சேர்ப்போம். படத்தில் வரும் டம்ளரையே எடுங்கள். ஒரு கரண்டியால் விளிம்பைத் தட்டி, செல்பேசியைச் சுமார் ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இரைச்சலும் கூடவே வரும். பதிவை மென்பொருளில் போட்டு 12 அரைஸ்வரம், அதாவது ஒரு ஸ்தாயி கீழே இறக்குங்கள். பொம்மை டம்ளர் ஒரு பெரிய மர முரசு மாதிரி ஒலிக்கும். அட்டையில் நீங்கள் வரைந்த கோபுரம் இப்போது காதுக்கும் கிடைத்துவிட்டது. இரண்டாவது சத்தம் உங்கள் குரல். 'ம்' என்று ஒரே ஸ்வரத்தில் நீட்டிப் பதிவு செய்து, மெல்லிய அடித்தளமாக வையுங்கள்.

மதர்ஸ்பா பழைய சிந்தசைசர்களையும், தேவாலயங்களிலிருந்து கழித்துப்போட்ட ஆர்கன் குழாய்களையும் சேகரிப்பவர். அந்தக் குழாய்களைச் சேர்த்துத் தானாகவே ஊதி வாசிக்கும் சிற்பங்களும் செய்திருக்கிறார். அவருக்கு ஓவியம், சிற்பம், இசை எல்லாம் ஒரே மேசை வேலை. மேசையில் கிடப்பது எதுவாக இருந்தாலும் அதிலிருந்து சத்தம் எடுத்துப் பார்ப்பவர்.

படி 6: ஏழாக எண்ணுங்கள்

குழந்தை திரும்ப அடுக்கத் தொடங்குகிறது. ஆனால் இப்போது அது பழைய குழந்தை இல்லை, ஒரு முறை விழுந்ததைப் பார்த்துவிட்டது. இசையும் கொஞ்சம் மாற வேண்டும். டீவோவின் 'ஜாக்கோ ஹோமோ' பாட்டின் பிரதான பகுதி ஏழு எண்ணிக்கையில் நொண்டி நொண்டி ஓடும். அந்த யோசனையைக் கடன் வாங்குவோம். மிஸ்ர நடை கேட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபம். 'தகிட தகதிமி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுங்கள். 'தகிட'வுக்கு டம்ளர், 'தகதிமி'க்கு நம் நான்கு ஸ்வரம்.

கணக்கு சரியாக வருகிறதா? முதல் பகுதி 24 அடி. அதன்பின் ஏழு அடிச் சுற்று ஏழு வைத்தால் 49. மொத்தம் 73 அடி. 111 வேகத்தில் அது 39.46 விநாடி. 40-க்குள் அழகாக அடங்கிவிட்டது. ஏழு சுற்றில் முதலாவதை வெறுமையாக விடுங்கள், அது குழந்தை திகைத்து நிற்கும் நேரம். கடைசிச் சுற்றில் ஒரே ஒரு ஸ்வரத்தை அழுத்தி நீட்டிவிடுங்கள். எந்த ஸ்வரம்? 'ஸ' என்றால் அடுக்கு நின்றுவிட்டது. அந்தக் கருப்புக் கட்டை என்றால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. காட்சியைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

படி 7: கலந்து, முகப்புப் படம் செய்து, வெளியே எடுங்கள்

காட்சியின் இயல்பான சத்தத்தைத் திரும்பச் சேருங்கள். டம்ளர் உரசுவதும் குழந்தையின் மூச்சும் முன்னால் கேட்க வேண்டும், இசை ஒரு படி பின்னால். மொத்த ஒலியின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்போனில் ஒரு முறை, செல்பேசி ஸ்பீக்கரில் ஒரு முறை கேளுங்கள். ஸ்பீக்கரில் அந்த முரசுச் சத்தம் காணாமல் போனால், ஸ்தாயி இறக்காத அசல் பதிவையும் அதன்மேல் லேசாகச் சேருங்கள்.

முகப்புப் படத்துக்கு மதர்ஸ்பாவின் இன்னொரு வேலையைப் பின்பற்றலாம். 'பியூட்டிஃபுல் மியூட்டன்ட்ஸ்' என்ற வரிசையில் அவர் பழைய புகைப்படங்களில் பாதியை எடுத்து, அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டி, முழு முகமாக்கினார். சரியாகச் சமச்சீராக இருக்கும் முகம் மனித முகம் போலவே இருக்காது. உங்கள் காட்சியிலிருந்து ஒரு ஃபிரேமை எடுங்கள். செங்குத்தாக, நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி வெட்டுங்கள். ஒரு பாதியை நகலெடுத்துத் திருப்பி ஒட்டுங்கள். இரண்டு பாதியையும் தனித்தனியே முயன்று, எது விநோதமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து வீடியோவோடு சேர்த்தால் முடிந்தது. அட்டையின் பின்பக்கத்தில் தேதியையும் 111 என்ற வேகத்தையும் எழுதி ஒரு உறையில் போட்டுவையுங்கள். அடுத்த காட்சிக்குப் புது அட்டை எடுங்கள்.