கந்தளாய்–திருகோணமலை உள்ளூர்க் கோச்சி: கேட்பதற்கு முன் கணக்குப் போடும் விதம்

காலை மாலை ஓடும் உள்ளூர் ரயில் வேண்டும் என்று மகஜர் எழுத அரை மணி நேரம் போதும். "பொதுமக்கள் பெரிதும் நன்மையடைவர்" என்ற வரியோடு அது போய்க் கோப்புக்குள் படுத்துவிடும். அந்த வரியின் இடத்தில் எண்களை வைப்பது எப்படி என்பதே இங்கே சொல்லப்படுகிறது. நான்கு பேர், இரண்டு வாரம், ஒரு கொப்பி, ஒழுங்காக ஓடும் ஒரு கைக்கடிகாரம் இருந்தால் செய்து முடிக்கலாம்.

முதலில் வரைபடத்தை விரித்து ஆசைகளை வெட்டுங்கள். 1927இல் திறந்த இந்தப் பாதை கல்ஓயாச் சந்தியில் பிரிந்து, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனன்குடா வழியாகத் திருகோணமலை நகருக்கு வருகிறது. ஊரோ வேறு திசைகளில் நீண்டுவிட்டது: வடக்கே உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, தெற்கே கிண்ணியா, மூதூர். தண்டவாளம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகும் மாணவரையும் நிலாவெளி ஹோட்டல் ஊழியரையும் உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது நல்ல பஸ். மேற்கே கந்தளாயோடு நிறுத்துங்கள். அதற்கப்பால் காடு, யானை, இரவு வேகக் குறைப்பு, ஏறுகிறவர்களும் குறைவு.

கிண்ணியாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2009இல் பாலம் திறந்த பிறகு அங்கிருந்து பஸ் நேரே நகருக்கு வருகிறது. "சீனன்குடாவில் இறக்கி ரயிலில் ஏற்றலாமே" என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். நடக்காது. பயணத்தின் கடைசிப் பங்கில், பஸ்ஸில் கிடைத்த இருக்கையை விட்டு எழும்பி வெயிலில் நின்று இன்னொன்றில் ஏற யாருக்கும் மனம் வராது.

அடுத்தது, வாசலிலிருந்து வாசலுக்கு ஆகும் நேரம். ரயில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று மட்டும் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தம்பலகாமம் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர் தள்ளி வீடு, வேலை நகரில் பஸ் நிலையத்தடியில் என்று வையுங்கள். வீட்டிலிருந்து நிலையத்துக்குச் சைக்கிளில் 8 நிமிடம், காத்திருப்பு 7, ரயில் 25. திருகோணமலை ரயில் நிலையம் நகரின் வட பக்கம் இருப்பதால் பஸ் நிலையத்தடிக்கு நடை ஏறத்தாழ 20. மொத்தம் 60. மோட்டார் சைக்கிளில் 40 நிமிடத்தில் வந்துவிடலாம். ரயில் தோற்றுவிட்டது. தோற்ற இடம் அந்த 20 நிமிட நடை. ரயில் நிலைய வாசலில் ஒரு பஸ் நின்றால் 20 ஏழாகிவிடும், மொத்தம் 47. மழைநாளில் அது வென்ற கணக்கு.

இதே கணக்கைக் கந்தளாய்க்கும் சீனன்குடாவுக்கும் போட்டுப் பாருங்கள். தூரத்து ஆளுக்கே ரயில் லாபம். சுமார் 40 கிலோமீற்றர் மோட்டார் சைக்கிள் ஓட்டி வருகிறவர் உங்கள் பயணி. சீனன்குடாவிலிருந்து பத்துக் கிலோமீற்றர் வருகிறவர் அல்ல. தண்டவாளம் பக்கத்தில் ஓடுகிறது என்பதற்காக அவர் ஏறிவிட மாட்டார்.

இனி எண்ணுதல். ஏ6 வீதியில், சீனன்குடாவுக்கும் அனுராதபுரச் சந்திக்கும் இடையே நிழலான ஓரிடம் பார்த்து இருவர் உட்காருங்கள். காலை 5.30 முதல் 9.00 வரை, கால் மணிக்கொரு வரி. மோட்டார் சைக்கிள், ஆட்டோ, பஸ், பாடசாலை வான், கார் என்று ஐந்து நிரல்கள். வாகனத்தை அல்ல, உள்ளே இருக்கும் தலைகளை எழுதுங்கள். பாடசாலை வானைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒரே வானில் பன்னிரண்டு பதினைந்து பிள்ளைகள் இருக்கும், அவர்கள் தினமும் ஒரே நேரத்துக்கு வருகிறவர்கள். செவ்வாய், புதன், வியாழன் மட்டும் போதும். வெள்ளி ஜும்ஆவால் மதியப் போக்கு மாறும். போயா, பாடசாலை விடுமுறை, கோயில் திருவிழா எதுவும் அந்த வாரத்தில் விழக்கூடாது.

மற்ற இருவர் ஆஸ்பத்திரி வாசலிலும் பஸ் நிலையத்திலும் நின்று ஆட்களைக் கேளுங்கள். இருநூறு பதில் வரை வேண்டும். "ரயில் விட்டால் வருவீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் ஓம் என்பார்கள், அந்த ஓமுக்கு விலை இல்லை. "நேற்று எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டீர்கள், எதில் வந்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், திரும்பிப் போனது எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் வீடும், இறங்கியபின் கால் மணிக்குள் போகும் இடமும் உள்ளவர்களைப் பிரித்தெடுத்து, கேட்டவர்களில் அவர்கள் எத்தனை பங்கு என்று பாருங்கள். வீதியில் எண்ணிய தலைகளில் அதே பங்கை எடுத்து, அந்த எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள். பாதியாக்கிய பிறகும் மூன்று பஸ் நிறையுமானால் மேலே படியுங்கள். நிறையாவிட்டால் பஸ்ஸையே கூட்டிக் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நேர அட்டவணையில்தான் மகஜர்கள் வழுக்கி விழுகின்றன. கந்தளாயிலிருந்து 50 நிமிடம், முனையில் திரும்ப 10 நிமிடம் என்று எடுத்தால், ஒரு வண்டி போய்வர இரண்டு மணி நேரம். பாடசாலை 7.30க்கு, அரச அலுவலகம் 8.30க்கு. கந்தளாயில் 6.00க்குப் புறப்படும் வண்டி 6.50க்கு வந்து பிள்ளைகளை இறக்கும். அதே வண்டி கந்தளாய் வரை போய்த் திரும்பினால் 8.50 ஆகிவிடும், அலுவலகக்காரர் போச்சு. ஆகவே 7.00க்குத் தம்பலகாமம் வரை மட்டும் அனுப்புங்கள்: 7.25க்குப் போய், 7.35க்குப் புறப்பட்டு, 8.00க்கு நகரில் நிற்கும். கந்தளாய் அலுவலகக்காரருக்கு முதல் வண்டிதான். இதை மறைக்காமல் எழுதுங்கள்.

அந்தப் பத்து நிமிடத் திருப்பம் பவர் செட்டுக்குத்தான், அதாவது எஞ்சின் உள்ளேயே இருந்து இரு முனையிலும் சாரதி அறை உள்ள வண்டிக்குத்தான், சரிவரும், ஏனென்றால் சாரதி மறுமுனைக்கு நடந்துபோனால் போதும். எஞ்சினும் பெட்டிகளும் என்றால் எஞ்சினைக் கழற்றி, பக்கப் பாதையால் சுற்றி, மறுபுறம் மாட்டி, பிரேக் சோதிக்க வேண்டும். இருபது நிமிடம் போய்விடும். இரண்டு பஸ்களை முதுகோடு முதுகாகப் பொருத்திய ரயில் பஸ்ஸும் திரும்பாமலே ஓடும். குலுக்கல் இருக்கும், இடம் குறைவு. பரீட்சார்த்த ஓட்டத்துக்குப் பரவாயில்லை.

"இரண்டு வண்டி தந்தால் மணிக்கொரு ரயில்" என்று எழுதுமுன் ஒற்றைப் பாதையை நினையுங்கள். எதிரெதிர் வண்டிகள் சந்தித்து விலக, பக்கப் பாதை உள்ள ஒரு கடவை நிலையம் வேண்டும், மணிக்கொரு முறை அங்கேதான் சந்திக்கும். அதாவது, அந்த நிலையத்திலிருந்து ஒவ்வொரு முனைக்கும் போய், திரும்பி, மீண்டும் அங்கே வர சரியாக 60 நிமிடம். கடவை நட்டநடுவே, இரு பக்கமும் 25 நிமிடத்தில் இருந்தால் இரு முனையிலும் 10 நிமிடம் மிஞ்சும். கடவை நகரிலிருந்து 20 நிமிடத்தில், கந்தளாயிலிருந்து 30 நிமிடத்தில் இருக்கட்டும்: நகரில் வண்டி 20 நிமிடம் சும்மா நிற்கும், கந்தளாயில் ஒரு நிமிடம்கூட மிஞ்சாது. சாரதி முனை மாறவே நேரமில்லை. முதல் வண்டி ஐந்து நிமிடம் பிந்தினால் எதிர் வண்டியும் ஐந்து நிமிடம் பிந்தும், அந்தப் பிந்தல் இரவு வரை இறங்காது. இரவுத் தபால் வண்டியும் மாவு ஏற்றும் சரக்கு வண்டியும் இதே பாதையில்தான். ஆகவே நிலைய அதிபரிடம் கடவைப் பாதைகள் எங்கே, எவ்வளவு நீளம், எது பாவனையில் என்று கேட்டு எழுதிக்கொண்டு பிறகு பேனாவைத் தொடுங்கள். இடையில் புதுத் தரிப்பு கேட்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு: ஒரு தரிப்புக்கு, வேகம் குறைத்து நின்று மீண்டும் எடுப்பதில், சுமார் இரண்டு நிமிடம் போகும். மூன்று தரிப்பு கொடுத்தால் மேலே சொன்ன திருப்ப நேரம் பாதிக்குமேல் கரைந்துவிடும்.

உதாரணம் கேட்டால் இவற்றைச் சொல்லுங்கள். கனடாவின் ஒட்டாவாவில் 2001இல் பழைய சரக்குப் பாதையில், 8 கிலோமீற்றரில், ஐந்து நிலையங்களோடு, மூன்று டீசல் வண்டிகளைக் கொண்டு, நடுவில் ஒரே கடவையை வைத்துக் கால் மணிக்கொரு ரயில் விட்டார்கள். பரீட்சார்த்தமாகத் தொடங்கியது நிலைத்தது. கார் இல்லாமல் அசைய முடியாத அவுஸ்திரேலிய நகரமான பேர்த்தில், 2007இல் திறந்த சுமார் 70 கிலோமீற்றர் மாண்டுரா பாதை ஓடுவதற்குக் காரணம், நிலையங்களில் ரயில் நேரத்துக்கு வந்து நிற்கும் பஸ்கள். மறுபக்கம், அமெரிக்காவின் மினியாபொலிஸில் 2009இல் தொடங்கிய நோர்த்ஸ்டார் ரயில் பெரும்பாலும் காலையில் உள்ளே, மாலையில் வெளியே என்று மட்டும் ஓடியது. போக நினைத்த பெரிய ஊரான செயின்ட் கிளவுட்டையும் எட்டவில்லை. மதியம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீடு திரும்ப வண்டி இல்லாத சேவையை நம்பி யார் வாகனத்தை வீட்டில் விட்டு வருவார்? நமக்கும் 2 மணிக்கு ஒன்று, 4.45க்கு ஒன்று, 6.30க்கு ஒன்று கட்டாயம். கடைசி வண்டி டியூஷன் பிள்ளைகளுக்கு.

நிலைய வாசல் பஸ்ஸை ரயில்வே தராது. இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) டிப்போவோடும் தனியார் பஸ் நேரக் கணிப்பாளரோடும் தனியாகப் பேசி, ரயில் பத்து நிமிடம் வரை பிந்தினாலும் பஸ் நிற்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரை முதல் நாளே கூட்டத்துக்கு அழையுங்கள். அழைக்காவிட்டால் பஸ் நிற்கும் இடத்தில் ஆட்டோ நிற்கும்.

கோரிக்கை சிறியதாக இருக்கட்டும்: ஒரு பவர் செட், ஆறு மாதம், வார நாட்கள். பிரதியை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் கொடுங்கள். தொடங்கும் நாளாகப் பாடசாலைத் தவணையின் முதல் திங்களைக் கேளுங்கள், ஏனென்றால் வான் காசு மாதத்துக்கு மாதம். தவணை நடுவில் தொடங்கினால் பிள்ளைகள் ஏற்கெனவே வானில் ஏறியிருப்பார்கள். தொடங்கிய முதல் மாதம் தம்பலகாமம் மேடையில் ஒருவர் தினமும் நின்று, வண்டி வந்த நிமிடத்தையும் ஏறிய தலைகளையும் எழுத வேண்டும். வாரத்தில் மூன்று நாள் பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் அன்றே சொல்லுங்கள். வானுக்குத் திரும்பிய பிள்ளை அடுத்த தவணை வரை ரயிலுக்கு வராது.