உழவு இயந்திரப் பெட்டியில் எவ்வளவு ஏற்றலாம்: எடைக் கணக்கும் சட்டமும்

காலபோக அரிவு வெட்டு தொடங்கிவிட்டால் பரந்தனிலிருந்து வவுனியா வரை ஏ9 வீதியில் பெட்டி கொழுவிய உழவு இயந்திரங்களுக்குக் குறைவே இல்லை. நெல், வைக்கோல், மணல், கிரவல், விறகு, தண்ணீர்த் தாங்கி என எல்லாம் அதே பெட்டியில்தான் போகின்றன. ஏற்றுகிறவர் பார்ப்பது பலகை மட்டத்தை. பலகைக்குக் கீழே இடம் கிடந்தால் இன்னும் இரண்டு சவள் போடலாம் என்று கை தானாகவே போகும். ரயர் வெடிப்பதும், அச்சு வளைவதும், குளக்கட்டு ஏற்றத்தில் முன்சில்லு கிளம்புவதும் பெரும்பாலும் இந்தக் கண்மட்டக் கணக்கால் வருகிறவைதான்.

முதலில் பெட்டியை அளவு நாடாவால் உள்ளளவு எடுங்கள். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, பலகை உயரம் ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 90 கன அடி. ஒரு கன அடி காய்ந்த நெல் ஏறத்தாழ 16 கிலோ, தண்ணீர் 28 கிலோ, காய்ந்த மணல் 45 கிலோ, ஈர மணல் 50 முதல் 55 கிலோ வரை. ஆகவே பலகை மட்டத்துக்கு நெல் கொட்டினால் ஒன்றரைத் தொன் அளவில் நிற்கும். அதே மட்டத்துக்கு ஆற்றிலிருந்து அள்ளிய ஈர மணலைப் போட்டால் நாலே முக்கால் தொன்னுக்குப் போய்விடும். பெட்டி ஒன்றுதான், பலகை ஒன்றுதான், எடை மட்டும் மூன்று மடங்கு. ஒரு கியூப் என்பது 100 கன அடி. காய்ந்த மணலாக இருந்தாலே நாலரைத் தொன். இதை மனதில் வைத்துக்கொண்டு "ஒரு கியூப் ஏத்து" என்று சொல்கிறவருக்குப் பதில் சொல்லுங்கள்.

நெல்லிலும் ஈரத்தைக் கணக்கில் எடுக்கவேண்டும். 14 வீத ஈரத்தில் 1000 கிலோ இருக்கும் நெல், வெட்டிய கையோடு 22 வீத ஈரத்தில் இருக்கும்போது 1100 கிலோ. மூட்டை எண்ணிக்கையை மட்டும் நம்புகிறவர்கள் வயலிலிருந்து நேரே ஆலைக்குக் கொண்டுபோகும் நாளில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சாக்கின் அளவும் ஊருக்கு ஊர் மாறும். நாலைந்து மூட்டையைத் தராசில் வைத்துச் சராசரி எடுத்தபின் பெருக்குங்கள். செங்கல், சீமெந்துக் கல் என்றால் பத்தை நிறுத்து ஒன்றின் எடையைக் கண்டுபிடிக்கலாம். பச்சைப் பாலை விறகு தண்ணீரில் தாழுகிற மரம். அதை வேறு விறகுபோல எண்ணிக் குவிக்கக்கூடாது.

எந்த எண் எங்கே இருக்கிறது

வெற்று எடை என்பது பாரம் இல்லாத எடை. மொத்த எடை என்பது பாரத்தோடு சேர்த்துப் போகக்கூடிய உச்ச எடை. இந்த இரண்டையும் பதிவுச் சான்றிதழில் தேடுங்கள். உழவு இயந்திரத்துக்கு ஒரு பதிவு, பெட்டிக்குத் தனிப் பதிவு. ஒன்றின் எண்ணை மற்றதற்குப் பொருத்தக்கூடாது. மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய பாரம் வரும். பலகையை உயர்த்தியவர்கள், தட்டுக்குத் தடித்த தகடு அடித்தவர்கள் பழைய வெற்று எடையை நம்பவேண்டாம். எடைமேடை வைத்திருக்கும் ஆலையில் வெறும் பெட்டியோடு ஒருதரம் ஏறி இறங்கினால் உண்மை தெரிந்துவிடும். மேடையில் மூன்று நிறுவை எடுங்கள்: இயந்திரம் தனியே, இரண்டும் சேர்த்து, பிறகு இயந்திரத்தை மேடைக்கு வெளியே விட்டுக் கொழுவியபடியே பெட்டியின் சில்லுகள் மட்டும். மூன்றாவது எண்தான் அச்சும் ரயரும் உண்மையில் சுமப்பது.

ரயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். அந்த எண் பாரச் சுட்டி. 100 என்றால் ஒரு ரயர் 800 கிலோ, 112 என்றால் 1120 கிலோ, 121 என்றால் 1450 கிலோ, 122 என்றால் 1500 கிலோ. சுட்டி இல்லாமல் பிளை (ரயரின் அடுக்குக் கணக்கு) மட்டும் போட்டிருந்தால் பக்கத்தில் கிலோவிலோ இறாத்தலிலோ உச்சப் பாரம் எழுதியிருக்கும், 2.2 இறாத்தல் ஒரு கிலோ. அந்தப் பாரம் அதில் எழுதிய காற்றழுத்தத்துக்குத்தான் பொருந்தும். லொறியிலிருந்து கழற்றிய பழைய ரயரைப் பெட்டிக்குப் போடும் பழக்கம் எங்கும் உண்டு. எழுத்து அழிந்து, பக்கவாட்டில் வெடிப்பு ஓடிய ரயருக்கு எந்த எண்ணும் செல்லாது. அதை வீதிக்கு எடுக்காதீர்கள்.

கடைசி எண் இழுக்கிற இயந்திரத்தின் கைநூலில் இருக்கும்: எவ்வளவு இழுக்கலாம், கொழுக்கியில் எவ்வளவு நிலைக்குத்துப் பாரம் தாங்கும் என்று. பெட்டிக்குத் தனிப் பிறேக் இல்லாவிட்டால், பாரத்தோடு சேர்த்த பெட்டியின் எடை இயந்திரத்தின் எடையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது, வேகம் மணிக்கு 32 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது என்று உழவு இயந்திரக் கைநூல்களில் சொல்லப்படுகிறது. குதிரை வலு இதற்குள் வரவே வராது. 45 குதிரை வலு இயந்திரம் ஐந்து தொன்னை இழுத்துக்கொண்டு போகும், உண்மைதான். நிறுத்துமா என்பதுதான் கேள்வி. 20 கிலோமீற்றர் வேகத்தில் நிற்பதைவிட 40இல் நிற்க நாலு மடங்கு சக்தியைப் பிறேக் விழுங்கவேண்டும்.

இப்போது ஒரு பெட்டியை வைத்துப் பார்ப்போம். இயந்திரம் 1850 கிலோ. பெட்டி வெறுமையாக 900 கிலோ, பதிவுச் சான்றிதழில் மொத்த எடை 3500 கிலோ. அந்தக் கணக்கில் 2600 கிலோ ஏற்றலாம். இரண்டு ரயரும் 121 சுட்டி, ஆக 2900 கிலோ. கொழுக்கியில் 300 கிலோ தங்குகிறது என்றால் மொத்தம் 3200 வரை போகலாம், அதாவது பாரம் 2300. பெட்டிக்குப் பிறேக் இல்லை, ஆகவே 1850இன் ஒன்றரை மடங்கு 2775. அதில் 900 போக மிஞ்சுவது 1875 கிலோ. மூன்றிலும் சின்ன எண்ணைத்தான் எடுக்கவேண்டும். இந்தப் பெட்டிக்கு அது 1875.

அதை மூட்டையாக்கினால் 70 கிலோச் சாக்கு 26. நெல்லைக் கொட்டி ஏற்றினால் பலகை மட்டம் வரை போனாலும் தாங்கும். காய்ந்த மணல் என்றால் 41 கன அடி, அடித்தட்டின் பரப்பு 60 சதுர அடி, ஆக 8 அங்குல உயரம். ஈர மணல் 7 அங்குலம். பெட்டியின் உள்பக்கம் நாலு மூலையிலும் அந்த உயரத்தில் வெள்ளைப் பெயின்றால் கோடு போட்டு, பக்கத்தில் "மணல்" என்று எழுதிவிடுங்கள். சவள் பிடிக்கிற பிள்ளைக்குக் கணக்கு விளக்கத் தேவையில்லை, கோட்டைக் காட்டினால் போதும். 18 அங்குலப் பலகையில் 7 அங்குலத்துக்கு மணல் கிடப்பதைப் பார்த்தால் பெட்டி வெறுமையாகத் தெரியும், காசு கொடுக்கிறவர் முகம் சுளிக்கவும் செய்வார். இரண்டு நடையாக ஓடுங்கள், அல்லது பிறேக் உள்ள பெட்டிக்கு மாறுங்கள்.

கொழுக்கியில் எவ்வளவு தங்குகிறது

ஒற்றை அச்சுப் பெட்டியின் பாரத்தில் ஒரு பங்கை இயந்திரம் கொழுக்கியில் தாங்கும். அது மிகக் குறைந்தால், பாரம் அச்சுக்குப் பின்னால் சாய்ந்து, பெட்டி வாலை ஆட்டத் தொடங்கும்; மேட்டில் ஏறும்போது கொழுக்கியை மேலே தூக்கி இயந்திரத்தின் பின்சில்லைச் சுழலவைக்கும். அது கூடினால் முன்சில்லு இலேசாகி ஸ்ரியரிங் கேட்காது. முன்சில்லுகளில் இயந்திர எடையின் 20 வீதமாவது நிற்கவேண்டும். 1850 கிலோவுக்கு அது 370 கிலோ.

கொழுக்கிப் பாரத்தை நெல் நிறுக்கும் தராசிலேயே நிறுக்கலாம். ஏற்றிய பெட்டியைச் சமதரையில் நிறுத்தி இரண்டு சில்லுக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள். தராசு 150 கிலோ வரைதான் காட்டும் என்றால் நல்ல தடித்த பனஞ்சலாகை ஒன்றை எடுத்து, ஒரு முனையைத் தராசிலும் மறுமுனையைக் கல்லிலும் வையுங்கள். தாங்கும் இரண்டு புள்ளிக்கும் இடையே சரியாக 3 அடி. கல்லிலிருந்து 1 அடி தள்ளிச் சலாகையில் அடையாளமிட்டு, அந்த இடத்தில் ஒரு கட்டையை நிறுத்தி, ஜாக்கால் தூக்கிய பெட்டியின் முன்சட்டத்தை மெதுவாக அதில் இறக்குங்கள். வழக்கமாகக் கொழுவும் உயரத்தில் சட்டம் இருக்கவேண்டும். தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் எண் மாறும். சலாகையும் கட்டையும் மட்டும் இருக்கும்போது தராசு காட்டியதைக் கழித்து, மிச்சத்தை மூன்றால் பெருக்குங்கள். தராசு 100 கிலோ கூடினால் கொழுக்கியில் 300 கிலோ. சட்டத்துக்குக் கீழே காலையோ கையையோ நீட்டவேண்டாம். ஜாக்கைப் பக்கத்திலேயே விட்டுவையுங்கள்.

எண் சரியில்லை என்றால் பாரத்தை நகர்த்தவேண்டும். அச்சிலிருந்து கொழுக்கித் துளை வரை 10 அடி என்றால், 1000 கிலோவை ஓர் அடி முன்னே தள்ளக் கொழுக்கியில் 100 கிலோ கூடும், பின்னே தள்ள 100 கிலோ குறையும். விறகு, மரக்குற்றி ஏற்றும்போது பெரிய முனையை முன்பக்கம் போடுகிற வழக்கம் இதனால்தான் நல்லது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கட்டும் பனங்குற்றியும் எடையில் சின்னதாக இருந்தாலும் தூரத்தால் பெரியவை. பாதி நிரம்பிய தண்ணீர்த் தாங்கியில் பிறேக் பிடிக்கும்போது தண்ணீர் முன்னே ஓடும், விடும்போது பின்னே ஓடும். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத தாங்கியை நிரப்பிக் கொண்டுபோங்கள், அல்லது வெறுமையாகக் கொண்டுபோங்கள்.

பெட்டியை இயந்திரத்தின் இழுவைச் சட்டத்தில் மட்டும் கொழுவுங்கள். மேல் இணைப்பிலோ பின்னச்சிலோ சங்கிலி கட்டி இழுத்தால் இயந்திரம் நிமிர்ந்து பின்னால் விழும், இருக்கையில் இருப்பவர் குதிக்க நேரமிருக்காது. கொழுக்கிப் பின்னுக்குப் பதிலாகக் கொங்கிறீட் கம்பியை வளைத்துப் போடுவது வன்னியில் கண்ணுக்குப் பழகிப்போன காட்சி. கட்டடக் கம்பி அந்த வெட்டு விசைக்குச் செய்ததல்ல. துளைக்குப் பொருந்தும் பின், அதற்கு ஒரு கிளிப், மேலதிகமாக ஒரு பாதுகாப்புச் சங்கிலி. துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் வெல்டிங்காரரிடம் கொடுத்துத் தடித்த வளையம் வைத்து அடைக்கச் சொல்லுங்கள்.

வீதிக்கு ஏறும்முன் இடது வலது பிறேக் மிதிகளை இணைக்கும் தாழ்ப்பாளைப் போட்டீர்களா என்று பாருங்கள். வயலில் திரும்புவதற்காகக் கழற்றியது அப்படியே கிடந்தால், பாரத்தோடு ஒரு பக்கம் மட்டும் பிடித்து இயந்திரம் குறுக்கே போய்விடும்.

லான்ட்மாஸ்டர் எனப்படும் இருசக்கர உழவு இயந்திரம் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சமதரையில் இடது கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது பெட்டி பின்னாலிருந்து தள்ளுவதால், பிடித்த பக்கத்துச் சில்லு விடுபட்டு வேகமாக உருளும், மற்றதை இயந்திரம் பிடித்துவைத்திருக்கும். வண்டி வலப்பக்கம் போகும். வாய்க்காலுக்குள் கவிழ்வது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான். இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல் கைபிடியைத் தள்ளித் திருப்புங்கள், குறைந்த கியரில் இறங்குங்கள், பெட்டியின் கால் பிறேக்கை முன்கூட்டியே மெதுவாக மிதித்துக்கொண்டே வாருங்கள்.

சட்டம் கேட்பவை

அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பெட்டிக்குத் தனிப் பதிவும் இலக்கத்தகடும் வேண்டும். வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் புதுப்பித்துக்கொள்ளலாம். சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருசக்கர உழவு இயந்திரத்துக்கு ஜி1, விவசாய உழவு இயந்திரத்துக்கு ஜி வகுப்பு இருக்கவேண்டும். மணல், கிரவலுக்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி தேவை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது அது. மரத்துக்கு வனத் திணைக்களத்தின் வழி அனுமதி. எடை சரியாக இருந்தாலும் இந்தத் துண்டு கையில் இல்லாவிட்டால் வண்டியோடு பொலிஸ் நிலையத்தில் நிற்கவேண்டிவரும்.

பாலத்திலும் மதகிலும் "5 தொன்" என்று பலகை இருந்தால் அது பாரத்தின் எடை மட்டுமல்ல. இயந்திரம், பெட்டி, பாரம் மூன்றும் சேர்ந்தது. மேலே பார்த்த கணக்கில் 1850, 900, 1875 சேர்த்து 4625 கிலோ, கடக்கலாம். அதே பெட்டியைப் பலகை மட்டத்துக்கு ஈர மணலால் நிரப்பினால் ஏழரைத் தொன்.

இரவில் பின்வெளிச்சம் இல்லாத பெட்டி ஏ9இல் வேகமாக வரும் பஸ்ஸுக்குக் கடைசி நொடி வரை தெரியாது. 12 வோல்ற் வயர் ஒன்றை இழுத்து இரண்டு பின்விளக்கும், பின்பலகையின் இரு கரையிலும் சிவப்பு ஒளிதெறி நாடாவும் போடுங்கள். வைக்கோல் ஏற்றினால் அது தொங்கி விளக்கை மூடியிருக்கிறதா என்று பின்னால் நடந்து போய்ப் பாருங்கள்.

கோயில் பொங்கலுக்கு ஆட்களைப் பெட்டியில் ஏற்றிப்போவது நெடுநாள் வழக்கம். முப்பது பேர் என்றால் ஏறத்தாழ 1800 கிலோ, அதுவும் நின்றபடி, உயரத்தில், திருப்பத்தில் ஒரே பக்கம் சாயும் எடை. மணல் மூட்டை அப்படிச் சாயாது. பிள்ளைகள் பலகையில் இருந்து போவதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது, பஸ் பிடித்துக்கொடுங்கள்.

புறப்பட்டுப் பத்துக் கிலோமீற்றரில் ஒருதரம் ஓரமாக நிறுத்துங்கள். புறங்கையைச் சில்லின் நடுக் குடத்துக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் பெயாரிங்கில் கிறீஸ் இல்லை, அல்லது இறுக்கம் கூடிவிட்டது. சில்லு நட்டுகளை ஸ்பானரால் தட்டிப் பாருங்கள். இறுகியது கணீர் என்று ஒலிக்கும், தளர்ந்தது மங்கும். பின்னாலிருந்து பார்க்கும்போது இரண்டு சில்லும் மேலே ஒன்றை நோக்கி மற்றது சரிந்து நின்றால் அச்சு வளைந்துவிட்டது. அங்கேயே பாரம் முழுவதையும் இறக்கிவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பி வந்து, இறக்கியதை எடுத்துக்கொள்ள இன்னொரு வண்டியைக் கேளுங்கள்.