ஒருமுறை தைத்து வருடா வருடம் மாட்டும் அட்வென்ட் காலண்டர்

அட்வென்ட் காலண்டர் என்றால் கிறிஸ்துமஸ் வரை நாளுக்கு ஒரு கதவாகத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்கும் காலண்டர். கடையில் வாங்குவதில் 24 கதவையும் திறந்து முடித்தால் கையில் மிஞ்சுவது கிழிந்த அட்டை மட்டும்தான். துணியில் தைத்துவிட்டால் அப்படியே சுருட்டி வைத்து அடுத்த டிசம்பரில் மறுபடி மாட்டலாம். ஆனால் துணி என்றால் மட்டும் போதாது. நான் முதலில் தைத்ததில் எண்களைப் பைகளின் மேல் பசை போட்டு ஒட்டிவிட்டேன். இரண்டாம் வருடம் பிள்ளைகளுக்கு எந்த எண் எங்கே என்று மனப்பாடம், தேடிக் கண்டுபிடிக்கும் சந்தோஷமே போய்விட்டது. 7-ஆம் தேதிக்கு வைத்திருந்த பொருள் 7-ஆம் பைக்குள் நுழையவில்லை என்றால் அதற்கும் வழி கிடையாது. அதனால் எண் தனி, பை தனி, உள்ளே வைப்பது தனி என்று மூன்றையும் பிரித்து வையுங்கள். பல வருடம் உழைக்கும் காலண்டருக்கு அதுதான் அடிப்படை.

முதலில் எத்தனை பை என்று பார்த்துவிடலாம். அட்வென்ட், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வருடத்துக்கு ஒரு தேதியில் வரும், அன்றிலிருந்து எண்ணினால் ஒரு வருடம் 22 பை தேவைப்படும், இன்னொரு வருடம் 28. டிசம்பர் 1 முதல் 24 வரை என்று வைத்துக்கொண்டால் எந்த வருடத்துக்கும் பொருந்தும்.

அடித்துணிக்குக் கெட்டியான காட்டனோ கேன்வாஸோ 84 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு போதும். வெட்டுவதற்கு முன்னால் எல்லாத் துணியையும் ஒருமுறை துவைத்துக் காயவைத்து அயர்ன் செய்துவிடுங்கள். சிவப்புத் துணி சாயம் விடுமா, காட்டன் சுருங்குமா என்பது தைத்த பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது. பக்க ஓரங்களை 2 செ.மீ., அடி ஓரத்தை 3 செ.மீ. மடித்துத் தையுங்கள். மேலே 6 செ.மீ. மடக்கி, கழி நுழையும்படி குழாய் மாதிரி தைத்தால் 80-க்கு 75 செ.மீ. திரை கிடைக்கும்.

பைகள் வரிசைக்கு 6 வீதம் 4 வரிசை. ஒவ்வொன்றும் முடிந்த அளவில் 10 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம், அதற்குத் துணியை 12-க்கு 15.5 என்று வெட்ட வேண்டும். வாய்ப்பக்கத்தை 2.5 செ.மீ. மடித்து முதலில் தைத்துவிடுங்கள். அப்புறம் கெட்டி அட்டையில் 10-க்கு 12 செ.மீ. துண்டு ஒன்று வெட்டி, பைத்துணியின் உள்பக்கத்தில் வைத்து, மீதி மூன்று ஓரத்தையும் அந்த அட்டையின் மேல் மடக்கி அயர்ன் பெட்டியால் அழுத்திவிட்டு அட்டையை உருவிவிடுங்கள். 24 பையையும் கண்ணால் அளந்து மடித்தால் ஒன்றுக்கொன்று கோணலாகத்தான் வரும், இந்த அட்டை இருந்தால் எல்லாம் ஒரே அச்சு.

தட்டையான பையில் சீட்டும் சின்னப் பொருளும்தான் நுழையும், அதனால் கடைசி வரிசை 6 பைகளை மட்டும் 16 செ.மீ. அகலத்தில் வெட்டி, அடியில் இரண்டு மூலையிலும் 2 செ.மீ. கொசுவம் வைத்துத் தையுங்கள், வாய் புடைத்துக்கொண்டு நிற்கும், பருமனான பரிசு உள்ளே போகும். இவற்றுக்கு அந்த அட்டை பொருந்தாது, பொறுமையாகக் குண்டூசி குத்தித்தான் தைக்க வேண்டும். கனமானது கீழ் வரிசையில் இருந்தால் திரையும் நேராகத் தொங்கும்.

திரையின் மேல் விளிம்பிலிருந்து 8, 24, 40, 56 செ.மீ. என்று சாக்பீஸால் கோடு போட்டால் நான்கு வரிசையின் வாய்களும் எங்கே என்று தெரியும். பக்கவாட்டில் 5 செ.மீ. ஓரம் விட்டு, பைக்குப் பை 2 செ.மீ. இடைவெளி. பையின் வாயைத் திறந்தே விட்டு மற்ற மூன்று பக்கத்தை மட்டும் தையுங்கள். வாயின் இரண்டு மூலையிலும் ஒரு சின்ன முக்கோணமாகத் தையல் ஓட்டி, அதன்மேல் ஊசியை முன்னும் பின்னும் இரண்டு தடவை விடுங்கள். பிள்ளைகள் கையை விட்டு இழுப்பது சரியாக அந்த இடத்தைத்தான், எனக்கு முதலில் பிய்ந்ததும் அங்கேதான்.

எண்களுக்கு மரக் கிளிப் போல எளிதானது எதுவும் இல்லை. 24 கிளிப்பில் 1 முதல் 24 வரை எழுதி, பையின் வாயில் குத்திவிட்டால் போதும், வருடா வருடம் கலைத்துப் போடலாம், பொருள் எந்தப் பைக்குள் நுழைகிறதோ அங்கே அந்த எண்ணை மாற்றலாம். திறந்து முடித்த நாளின் கிளிப்பைத் திரையின் அடி ஓரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், இன்னும் எத்தனை நாள் என்று சின்னப் பிள்ளையும் எண்ணிவிடும்.

தையல் வராது என்றால் 24 காலித் தீப்பெட்டி எடுத்து, உரசும் பக்கத்தைக் காகிதத்தால் மூடி, வெளிக்கூடுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டுங்கள். உள்பெட்டிகள் இழுப்பறை மாதிரி வந்து போகும். சீட்டுக்கும் மணிக்கும்தான் இடம் இருக்கும், ஆனால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

சரி, உள்ளே என்ன வைப்பது? நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் வருடத்துக்கு 24 பொருள் வாங்குவது சீக்கிரம் அலுத்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வீடுகளில் கதவில் 24 சாக்பீஸ் கோடு போட்டு நாளுக்கு ஒன்றாக அழித்தார்கள், அதில் பரிசு எதுவும் இல்லை, நாள் குறைவதே சந்தோஷம். அதனால் நான் உள்ளே வைப்பதையும் திரும்பப் பயன்படுகிறதாகவே வைக்கிறேன். கிறிஸ்துமஸ் குடிலின் உருவங்களை நாளுக்கு ஒன்றாக எடுத்து அடுக்கலாம்: ஆடு, மாடு, இடையர், விண்மீன், தொழுவத்தின் துண்டுகள், 24-ஆம் தேதி குழந்தை இயேசு. லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரம் இருக்கிறது, நாளுக்கு ஓர் அதிகாரம் என்று சீட்டு எழுதி வைத்தால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் முழு நூலையும் படித்து முடித்திருப்பீர்கள். நடுநடுவே "இன்று எல்லாரும் சேர்ந்து ஒரு வாழ்த்து அட்டை செய்வோம்" மாதிரி சீட்டுகள். இந்தச் சீட்டுகளை முன்கூட்டியே மொத்தமாகப் போடாமல் முந்தின இரவு வையுங்கள், வேலை நாளில் நேரம் பிடிக்கிற சீட்டு வந்தால் பிள்ளை ஏமாந்துபோகும்.

சாக்லேட் வைத்தால் உறை பிரிக்காததாக இருக்கட்டும், துணிப் பையில் எறும்பு வர வெகுநேரம் ஆகாது. மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் மணி, காசு, சின்ன பேட்டரி எதுவும் வேண்டவே வேண்டாம். இரண்டு பிள்ளைகள் என்றால் ஒற்றைப்படை நாள் ஒருவருக்கு, இரட்டைப்படை நாள் மற்றவருக்கு, அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம்.

எடுத்து வைக்கும்போது மடிக்காதீர்கள், மடித்த கோடு அயர்ன் செய்தாலும் லேசாகத் தெரியும். ஒவ்வொரு பைக்குள்ளும் கையை விட்டுச் சீட்டு எதுவும் மிச்சம் இல்லையே என்று பார்த்துவிட்டு, கழியோடு சேர்த்துச் சுருட்டி, கிளிப்புகளையும் குடில் உருவங்களையும் ஒரு டப்பாவில் போட்டு, எந்தச் சீட்டுக்குப் பிள்ளைகள் துள்ளினார்கள் என்று ஒரு தாளில் எழுதி அதற்குள்ளேயே வையுங்கள். அடுத்த நவம்பரில் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.